பூஜையில் வைத்த செருப்பு

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் போகிற வீதியில் இருக்கும் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். சேலைப் பிரிவு. என்ன வேலை என்று யாராவது கேட்டால் சேலை விற்கிறேன் என்பேன். உள்ளதைச் சொன்னால் விற்பது அவ்வப்போது, நிற்பதுதான் நாள் முழுக்க. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நிற்க ஆரம்பித்தால் இரவு அதை இறக்கும்வரை இரண்டு காலும் தரையோடுதான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மாடிக்குப் போய் உட்காருவோம். அங்கேயும் எங்களில் சிலர் நின்றுகொண்டே சாப்பிட்டு முடிப்பார்கள். பழக்க தோஷம்.

என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்து ஓட்டுகிறார், முதுகுளத்தூர் வழித்தடம். உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு இடுப்பு போயிற்று. நின்று நின்று எனக்குக் கால் போயிற்று. இரண்டு பேரையும் கழற்றிச் சேர்த்தால் உருப்படியாக ஒரு ஆள் தேறும் என்பாள் எங்கள் மகள். வீட்டில் தைல வாசம் இல்லாத நாளே கிடையாது. விருந்தாளிகள் வந்தால் ஊதுபத்தி கொளுத்திச் சமாளிப்போம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது. வாடிக்கையாளர்கள் வாசலில் கழற்றிவிட வேண்டும். நாங்கள் பின்பக்கம் மாடிப்படிக்குக் கீழே விட வேண்டும். துணி என்பது மகாலட்சுமி, அது விழுகிற இடத்தில் செருப்பு படக்கூடாது என்பது முதலாளியின் அப்பா காலத்துக் கட்டளை. அதில் நியாயமும் இருக்கிறது. முகூர்த்த மாதத்தில் ஒரு கல்யாண கோஷ்டி வந்துவிட்டுப் போனால் கவுண்டருக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குச் சேலை குவிந்து கிடக்கும். ரோட்டுப் புழுதியும் சாணியும் ஒட்டிய செருப்போடு அதில் எப்படி நிற்பது? ஆனால் அப்பா காலத்தில் தரை சிமெண்ட், அதன் மேல் கோரைப்பாய். மகன் காலத்தில் அது பளபளவென்று கிரானைட் ஆகிவிட்டது. கட்டளை மட்டும் அப்படியே நின்றது. நாங்களும் அதன் மேல் வெறுங்காலோடு நின்றோம்.

அந்த வருடம் ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வலது காலை ஊன்றினேன். குதிகாலில் ஆணி ஏறியது போல ஒரு குத்து. நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் எழுந்து ஓடிவந்தார். என் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு முதலில் ஆணியைத் தேடினார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து, விளக்குமாற்றால் கூட்டி, ஒரு பழைய பேனா மூடியை மட்டும் கண்டெடுத்தார். அதற்குள் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து பார்த்ததில் வலி பாதி குறைந்துவிட்டது. போய்விட்டது என்று நினைத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கும்போது திரும்ப வந்தது. அதன் பிறகு அது போகவே இல்லை, குடிவந்துவிட்டது.

சேலை வாங்க வருகிறவர்களுக்கு விற்கிறவளின் கால் வலி தெரிந்தால் போதும், சேலையை மறந்துவிடுவார்கள். மிளகாய்க் காட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, செங்கல்லை அடுப்பில் சுட்டு, மேலே எருக்கிலையைப் போட்டு அதில் குதிகாலை வைக்கச் சொன்னார். வைத்தேன். இதமாக இருந்தது, கல் ஆறும்வரை. பெரியபட்டினத்திலிருந்து பெருநாளுக்குத் துணி எடுக்க வந்த ஒரு அம்மா அடுத்த முறை வரும்போது எனக்காகத் தர்காவில் எண்ணெய் ஓதி வாங்கிக்கொண்டு வந்தார். அவர் மனதுக்காகவே தினமும் தேய்த்தேன். தேய்த்த நேரம் சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் கிரானைட் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

எல்லாவற்றையும் விடப் பெரிய வைத்தியம் என் பக்கத்துக் கவுண்டரில் நிற்பவளிடமிருந்து வந்தது. அவள் பாம்பன்காரி. மீன்பிடிக்கிற குடும்பம், மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. தினமும் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வந்து போகிறாள், அதிலும் பாதி நாள் நின்றுகொண்டுதான். கடலோரத்து ஆட்களுக்கு எந்த வலியானாலும் மருந்து கடலிலேயே இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. சூடான மணலில் வெறுங்காலோடு நடந்தால் குதிகால் வலி ஓடியே போய்விடும் என்று சத்தியம் பண்ணினாள். அவள் அப்பாவுக்கு அப்படித்தான் போயிற்றாம். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாம்பனுக்குப் போனேன்.

மத்தியான வெயில். மணல் வறுத்த அரிசி மாதிரி கொதித்தது. அவள் ஒரு பனை நிழலில் நின்றுகொண்டு, இன்னும் போ, இன்னும் போ என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் உள்ளே இறங்கியது, அதைப் பிடுங்கி எடுத்து அடுத்த அடி வைக்க வேண்டியிருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். மாதாவுக்கு ஏதோ நேர்ச்சை போலிருக்கிறது என்று ஒருவர் மரியாதையாக வழி விட்டார். மறுநாள் காலையில் இடது குதிகாலும் வலித்தது.

திங்கட்கிழமை கடையில் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவள் அசரவில்லை. நான் காய்ந்த மணலில் நடந்துவிட்டேன், அவள் அப்பா தண்ணீர் ஓரத்து இறுகிய மணலில் அல்லவா நடந்தார் என்றாள். அப்படியானால் பனை நிழலில் நின்று எந்த மணலைக் காட்டினாய் என்று கேட்டேன். தூரத்திலிருந்து எல்லா மணலும் ஒன்றாகத்தான் தெரிந்தது என்று சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு கொடுத்தாள். கருவாட்டை வாங்கிக்கொண்டேன். கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நடுவில் எங்களுக்கு உட்கார நாற்காலி வந்திருந்ததையும் சொல்லிவிட வேண்டும். கடைகளில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி மறுபேச்சில்லாமல் பிரிவுக்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார். முதல் நாள் ஆசையாக உட்கார்ந்து பார்த்தோம். மறுநாள் ஒரு கல்யாண கோஷ்டி வந்தது. கல்யாண கோஷ்டி என்றால் பெண், பெண்ணின் அம்மா, சேலையைப் பற்றி ஒன்றுமே சொல்லாத ஒரு சித்தப்பா, எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குகிற இரண்டு அத்தைமார். அத்தைமார் வந்ததும் கண் போவது ஸ்டூல் மேல்தான். பெரியவர்கள் நிற்க, நாம் எப்படி உட்காருவது? எடுத்துக் கொடுத்தோம். அத்தைமார் எழுந்து போனதும் அதில் பை ஏறியது. பை இறங்கியதும் மடிக்காத சேலை ஏறியது. எங்கள் பிரிவில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், எங்களைத் தவிர.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குப் போய் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். அந்த டாக்டர் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். குதிகாலை ஒரே இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். நான் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன். எத்தனை மணி நேரம் நிற்கிறேன், எதன் மேல் நிற்கிறேன், காலில் என்ன போட்டிருக்கிறேன் என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு, ஒன்றும் போடவில்லை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் மாத்திரை கொஞ்சம்தான். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி முன்பக்கமாக இழுக்க வேண்டும். சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, கெண்டைக்கால் விண்ணென்று இழுக்கிறவரை நிற்க வேண்டும். ராத்திரி தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கித் தரையில் போட்டுப் பாதத்தால் உருட்ட வேண்டும். கடையில் இரண்டு காலையும் ஒரே மாதிரி ஊன்றி மரம் மாதிரி நிற்கக்கூடாது, ஒரு காலைக் கொஞ்சம் உயரமாக எதன் மேலாவது வைத்து, மாற்றி மாற்றி நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வெறுங்காலோடு கல் தரையில் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் போடுகிற, மெத்து ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு, வீட்டிலும் சரி கடையிலும் சரி, காலிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இது நாள்பட்டுப் போய், நிற்கிற வேலையையே விட வேண்டி வரும் என்றார்.

மற்றதெல்லாம் செய்துவிட்டேன். ரவிக்கைத் துணி சுற்றி வருகிற அட்டைக் குழல் ஒன்றைக் கவுண்டருக்குக் கீழே போட்டு, மேலே சிரித்தபடி பார்டர் காட்டிக்கொண்டே கீழே பாதத்தை உருட்டினேன். காலி அட்டைப்பெட்டிக்குள் பழைய துணியை அடைத்து இறுக்கி, அதன் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தேன். வாங்க வருகிறவர்களுக்கு இடுப்புக்கு மேல்தான் நாங்கள் தெரிவோம், அது ஒரு வசதி. வலி கொஞ்சம் வழிக்கு வந்தது. ஆனால் செருப்பு? வாங்கிவிட்டேன். பெட்டியோடு கடைக்குக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினேன். ரோட்டில் போடவே மாட்டேன், கடைக்குள் மட்டும்தான், துணியில் படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், அப்பா வைத்த வழக்கம் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"முடியலன்னா வீட்டுல இருந்து ரெஸ்ட் எடும்மா. தீபாவளி கழிச்சுப் பாப்போம்."

எங்கள் வீதியில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். தீபாவளி கழித்துப் பார்ப்போம் என்று சொல்லப்பட்டவர்களை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

அன்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். வேறு வேலை கிடைக்காது என்பதற்காக இல்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஒரு பெண் முந்தானையை எந்த விரலால் தொடுகிறாள் என்பதைப் பார்த்தே அவள் எடுப்பாளா, சும்மா பார்க்கிறாளா என்று சொல்லிவிடுவேன். அம்மா பச்சை என்பாள், மகள் நீலம் என்பாள், இரண்டு பேரும் சண்டை போடும்போது மயில் கழுத்து நிறத்தை எடுத்துப் போட்டு இருவரையும் சிரிக்க வைப்பேன். வேறு எங்கேயும் எனக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. வீட்டில் என் பேச்சுக்கு யார் சிரிக்கிறார்கள்? அதை ஒரு குதிகாலுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கடையில் அது பெரிய விசேஷம். கத்திரிக்கோல், மீட்டர் கோல், பில் மெஷின், ஏணி, விளக்குமாறு என்று ஒன்று விடாமல் கழுவித் துடைத்து, சாமி படங்களுக்கு முன்னால் வாழை இலை போட்டு வரிசையாக வைப்போம். முதலாளியே ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். அன்றைக்கு வரிசை அடுக்கிக்கொண்டிருந்தபோது எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. மாடிக்குப் போனேன், அன்றிலிருந்து அங்கேயே கிடந்த பெட்டியைத் திறந்தேன், ஒரு நாள்கூடக் காலில் படாத அந்தச் செருப்பை எடுத்து வந்து விளக்குமாற்றுக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசியில் வைத்தேன்.

பாம்பன்காரி பார்த்துவிட்டாள். வேண்டாம் அக்கா, எடுத்துவிடு என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நான் எடுக்கவில்லை.

முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வந்தார். ஏணிக்கு வைத்தார், விளக்குமாற்றுக்கு வைத்தார். அடுத்ததற்குக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாருது?"

"என்னுது மொதலாளி."

"இத எதுக்கும்மா இங்கன வச்சே?"

மாடியிலிருந்து இறங்கும்போது மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் மறந்து போயிற்று. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எல்லாரும் அவங்கவங்க வேலை பாக்குற சாமான வச்சிருக்காங்க. எனக்குச் சாமான்னா காலுதான் மொதலாளி. அதக் கழட்டி எலையில வைக்க முடியல. அதான் இத வச்சேன்."

யாரோ பின்னால் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. சந்தனம் வைக்காமல் நகர்ந்தார். ஆனால் எடுக்கவும் சொல்லவில்லை. பூ தூவினார். கற்பூரத் தட்டைத் தூக்கி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை காட்டினார். தட்டு கடைசியில் கொஞ்சம் தயங்கியது போல எனக்குத் தோன்றியது. பிறகு செருப்பையும் தாண்டித்தான் போனது.

ராத்திரி வீட்டில் நடந்ததைச் சொன்னபோது வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். மகளோ கைதட்டினாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு எடுத்து ஒப்புக்காவது ஒரு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தொழில் படுத்துவிடும் என்பது வழக்கம். ஒருவர் கத்திரிக்கோலை எடுத்து ஒரு சாண் துணி வெட்டினார். ஒருவர் கோலை எடுத்து அளந்தார். பில் மெஷின் ஒரு பில்லைத் துப்பியது. பாம்பன்காரி விளக்குமாற்றை எடுத்து வாசலில் இரண்டு இழுப்பு இழுத்தாள். இலையில் என் செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. அதன் வாரில் செவ்வந்தி இதழ் ஒன்று சிக்கியிருந்தது.

இப்போது எனக்கே காலை வைக்க மனம் வரவில்லை. சாமிக்கு முன்னால் இருந்து, பூவும் கற்பூரமும் கண்டதை எப்படி மிதிப்பது? வழக்கு போட்டு ஜெயித்துவிட்டுத் தீர்ப்பை வாங்கப் போகாதவள் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். எல்லாரும் காத்திருந்தார்கள். முதலாளி கல்லாப் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"எடும்மா. பூஜையில வச்சதச் சும்மா போட்டு வைக்கக் கூடாது."

எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதைப் பார்த்துக் கடை மொத்தமும் சிரித்தது, நானும் சிரித்தேன். கவுண்டருக்குப் பின்னால் போய்க் கீழே போட்டு ஒவ்வொரு காலாக நுழைத்தேன். அந்த மெத்தென்ற சுகத்தை என்னவென்று சொல்வது? ஆடியிலிருந்து என் குதிகாலைத் தின்றுகொண்டிருந்த கல் தரை காலுக்குத் தெரியவே இல்லை. முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அது கடையை விட்டு வெளியே போகக்கூடாது, ராத்திரி துணிப்பையில் சுற்றி அலமாரியில் வைக்க வேண்டும். சரி என்றேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஐப்பசி முகூர்த்தத்துக்குத் திருவாடானைப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கல்யாண கோஷ்டி வந்தது. தலைமுறை தலைமுறையாக எங்கள் கடையில் மட்டுமே துணி எடுக்கிற நிலபுலன் உள்ள குடும்பம். முகூர்த்தப் பட்டிலிருந்து வேலைக்காரர்களுக்கு வேட்டி வரைக்கும் ஒரே நாளில் எடுப்பார்கள். அன்றைக்கு முதலாளியே எழுந்து வந்து எங்கள் பிரிவில் நின்றார். பெண்ணின் பெரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு சேலைக் கட்டை எடுக்க ஓரமாக நகர்ந்தபோது அவர் கண் என் காலுக்குப் போய்விட்டது.

"ஏம்ப்பா, நாங்கள்லாம் செருப்ப வாசல்ல விட்டுட்டு வெறுங்காலோட வாரோம். சேலைய எடுத்துப் போடுற பொம்பள செருப்போட நிக்கிறா. இது என்ன நாயம்?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். விரித்துப் போட்டிருந்த சேலைகளை யாரும் பார்க்கவில்லை. இந்தக் குடும்பம் எழுந்து போனால் பின்னாலேயே நானும் போக வேண்டியதுதான் என்று தெரிந்தது. சத்தமில்லாமல் குனிந்து வலது காலை வெளியே எடுத்தேன். வெறும் பாதம் கல்லில் பட்டது.

"போட்டுக்கம்மா" என்றார் முதலாளி. எனக்குச் சரியாகக் கேட்டதா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"அவங்களுக்குக் குதிகாலு நோவுது ஆத்தா. நாள் பூரா நிக்கிறாங்கல்ல. ஒங்களுக்கு வருத்தம்னா நீங்களும் செருப்பப் போட்டுக்கிட்டே உள்ள வாங்க. அப்பாட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் அப்பா கல்லாவுக்கு மேலே மாலை போட்ட படத்தில் இருந்தார். பெரியம்மா அந்தப் படத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அந்த மாம்பழக் கலரை விரித்துக் காட்டு என்றார்.

எனக்குக் கால் வலிக்கிறது என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எனக்காக இன்னொருவர் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பட்டில் விழுந்தால் கறை போகாது. அதனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கண்ணே தெரியாமல், கைப்பழக்கத்தில் அந்த மாம்பழப் பட்டை அவர்கள் முன்னால் விரித்துப் போட்டேன்.